எஞ்சினுக்கு ரப்பர், கியர்பாக்ஸுக்கு இரும்பா?

போன மாதம் ஒரு தம்பி, தன் கையால் கட்டிய ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு மலேசியாவின் சுங்கை சிப்பூட்டில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தான். கியர்பாக்ஸின் வால்பகுதி பிளந்து எண்ணெய் முழுவதும் வடிந்திருந்தது. அடியில் குனிந்து பார்த்ததும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. எஞ்சினை ரப்பரில் உட்கார வைத்துவிட்டு, கியர்பாக்ஸின் வாலை மட்டும் உலோகக் கட்டையில் பூட்டியிருந்தான். இருபது ஆண்டுகளுக்கு முன்னால் நான் செய்த அதே தவறு, அதே இடத்தில் அதே விரிசல். நட்டை இறுக்கிப் பூட்டுங்கள் என்கிற பாடமெல்லாம் இங்கே இல்லை. அதுகூடத் தெரியாதவர் வண்டி கட்ட வேண்டாம்.

ரப்பர் என்றால் இளக்காரம்

1877இல் மலாயாவுக்கு வந்த முதல் ரப்பர் கன்றுகளில் சில, பக்கத்துக் கோலகங்சாரில்தான் நடப்பட்டன. என் அம்மா பால்மரம் வெட்டியவர். இந்த ஊர்ப் பையன்களுக்கே ரப்பர் மவுண்டிங், அதாவது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சட்டத்தில் தாங்கும் ரப்பர், என்றால் கிழட்டு வண்டிச் சமாச்சாரம். “பந்தய வண்டியில் ரப்பர் இருக்கிறதா, அண்ணே?” என்று கேட்கிறார்கள்.

1967இல் லோட்டஸ் 49 பந்தய வண்டியில் காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினை உடலோடு நேரடியாகப் பூட்டினார்கள், உண்மைதான். வண்டியின் பின்பாதிச் சுமையைத் தாங்குவதற்கென்றே வரைந்து வார்த்த எஞ்சின் அது. பழைய வண்டிகளைப் பாதியாக வெட்டி விற்கும் ஹாஃப் கட் கடையில் நீங்கள் பேரம் பேசி வாங்கியது அப்படிப் பிறந்ததல்ல. வரிசையாக நான்கு சிலிண்டர் உள்ள எஞ்சின், நிமிடத்துக்கு 6,000 சுற்றில் நொடிக்கு 200 முறை மேலும் கீழுமாக அதிரும். அது நேராகக் குழாய்ச் சட்டத்துக்குள் இறங்கினால் வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் விழும். இதெல்லாம் தெரிந்தே ஒருவர் முழுவதையும் இரும்பில் பூட்டினால் நான் தடுக்க மாட்டேன். என் சண்டை அவரோடு இல்லை.

பாதி ரப்பர், பாதி இரும்பு

என் வண்டியில் டொயோட்டா 4ஏ-ஜிஇ எஞ்சின். மவுண்டிங் ரப்பர் பழையது, கியர் கம்பி ஆடிக்கொண்டே இருந்தது. “கியர்பாக்ஸ் ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியக் கட்டை வை, ஆட்டம் நின்றுவிடும்” என்றார் விவரம் தெரிந்த ஒரு கடைக்காரர். வைத்தேன். மூன்று வாரம் கியர் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. ஊரெல்லாம் பெருமை பேசினேன். நான்காவது வாரம், செம்பனைக் காட்டு மேட்டில் முதல் கியரில் கிளட்சை விட்டேன். மண்வெட்டி கல்லில் பட்டதுபோல ஒரு சத்தம். அத்தோடு சரி.

நடந்தது இதுதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாகப் பூட்டிய ஒரே உடல். அந்த எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 150 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை ஏறத்தாழ 3.6 மடங்காக்கும். ஆக, 540 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை அந்த உடலைப் புரட்டப் பார்க்கிறது. முன்னால் இருக்கும் ரப்பர் இளகிக்கொடுக்கிறது, வாலில் இருக்கும் உலோகக் கட்டை மறுக்கிறது. எங்கே விறைப்போ அங்கேதான் சுமை போய்ச் சேரும். எஞ்சின் மவுண்டிங்குகளுக்கு இடையே 50 சென்டிமீட்டர் இருந்தால், முழுச் சுமைக்கும் ஒவ்வொன்றின் மேலும் சுமார் 110 கிலோதான் விழும். வால் மவுண்டிங்கின் போல்ட்டுகளுக்கு இடையே 8 சென்டிமீட்டர் என்றால் அதே சுமை 700 கிலோவை நெருங்கும். கிளட்சை விடும் ஒவ்வொரு முறையும் இந்த அடியை வாங்குவது மெல்லிய அலுமினிய வார்ப்பு. மேடு பள்ளத்தில் சட்டம் முறுக்கும்போது விழும் அடி தனி.

கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், இரண்டு மாதச் சம்பளம் போயின. அது ஆறிவிட்டது. “உன் வெல்டிங் சரியில்லை” என்று அதே கடைக்காரர் சொன்னது இன்னும் ஆறவில்லை. வெல்டிங் அப்படியேதான் இருந்தது; உடைந்தது வார்ப்பு.

கியர் கம்பி ஆடினால் முதலில் எஞ்சினுக்குக் கெட்டியான புது ரப்பர் போடுங்கள். போதவில்லையா, எஞ்சினின் மேல்பகுதியிலிருந்து சட்டத்துக்கு, இரு முனையிலும் ரப்பர் புஷ் உள்ள ஒரு தாங்கு கம்பி கட்டுங்கள். வால் ரப்பர் எப்போதும் முன் ரப்பரைவிட மென்மையாகவே இருக்கட்டும்.

டிஃபரன்ஷியல்

இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி இது. பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் வண்டியில், கியர்பாக்ஸிலிருந்து வரும் முறுக்குவிசையை இது இன்னும் நான்கு மடங்குக்கு மேல் பெருக்கி, மூக்கைத் தூக்கும். தாங்கும் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியில் கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியல் வரை ஒரு நீண்ட சட்டம் ஓடுகிறது. ஒருமுறை அடியில் படுத்துப் பாருங்கள்.

எர்த் வயர்

ரப்பர் மின்சாரம் கடத்தாது. எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே தடித்த வயர் போட மறந்தால் ஸ்டார்ட்டர் மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாகப் போய் அதைக் கருக்கிவிடும்.

ரப்பரில் தொங்கவிடுவது

அமுக்கலாம், இழுக்கக் கூடாது.

எண்ணெய்க் கசிவு

இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பிக் கூழாகும். முதலில் கசியும் ஆயில் சீல் வளையத்தை மாற்றிவிட்டு மவுண்டிங்கைத் தொடுங்கள்.

தம்பிக்கு வேறு கியர்பாக்ஸ் கிடைத்துவிட்டது. அந்த இரும்புக் கட்டையை மட்டும் அவன் கையாலேயே அறுத்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.