நாஸில் கோப்புகள் சத்தமில்லாமல் கெடுவதைத் தடுப்பது எப்படி?

வீட்டு நாஸில், அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டியில், ஒரு டிஸ்க் செத்துப்போனால் உடனே தெரிந்துவிடும். விளக்கு நிறம் மாறும், பீப் சத்தம் வரும், மின்னஞ்சல் வரும். அதே டிஸ்க் ஒழுங்காக ஓடிக்கொண்டே தவறான தரவைத் திருப்பித் தந்தால் எந்த அறிகுறியும் இருக்காது. பழைய படம் ஒன்று பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகத் திறக்கும் நாளில்தான் தெரியவரும். அதற்குள் பேக்கப்பிலும் அந்தக் கெட்ட கோப்பே ஏறியிருக்கக்கூடும்.

பல டிஸ்க்குகளை இணைத்து, ஒன்று செத்தாலும் தரவைக் காக்கும் ரெய்டு இதைத் தடுக்காது. ரெய்டு 1-இல் இரண்டு பிரதிகள் இருந்தாலும், படிக்கும்போது ஏதோ ஒன்றிலிருந்துதான் படிக்கும். இரண்டும் வேறுபட்டால் எது சரி என்று சொல்ல அதனிடம் ஆதாரம் கிடையாது. லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டியில் ரிப்பேர் ஓடவிட்டால், ரெய்டு 1-இல் ஒரு பிரதியை எடுத்து மற்றதன்மேல் எழுதிவிடும். ரெய்டு 5-இல் பாரிட்டியை, அதாவது தொலைந்த தரவை மீட்க உதவும் கூடுதல் தரவை, புதிதாகக் கணக்கிட்டு எழுதும். கெட்டிருப்பது தரவு என்றால், அந்தக் கேடே நிலைத்துவிடும்.

செக்சம் முதலில்

எனவே தரவின் ஒவ்வொரு பிளாக்குக்கும் (சிறு துண்டுக்கும்) செக்சம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண், வைக்கும் ஃபைல் சிஸ்டம் தேவை. வீட்டு நாஸில் அது ஜெட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ். லினக்ஸில் வழக்கமான இஎக்ஸ்டி4, மெட்டாடேட்டாவுக்கு (கோப்பின் பெயர், இடம் போன்ற விவரங்களுக்கு) மட்டுமே செக்சம் வைக்கும். உங்கள் படத்துக்குள் ஒரு பிட் புரண்டால் அதற்குத் தெரியாது.

ஸினாலஜி நிறுவன நாஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். வால்யூம் பிடிஆர்எஃப்எஸ்ஸாக இருந்தால் மட்டும் போதாது. ஷேர்டு ஃபோல்டரை உருவாக்கும்போதே டேட்டா செக்சம் பெட்டியில் டிக் போட வேண்டும், பிறகு அதை மாற்ற முடியாது. விட்டுப்போயிருந்தால் டிக் போட்டுப் புதிய ஃபோல்டர் உருவாக்கி, கோப்புகளை அதற்குள் நகலெடுப்பதே வழி. க்யூநாப் நிறுவன நாஸில் சாதாரண இயங்குதளமான க்யூடிஎஸ் இஎக்ஸ்டி4-இல் ஓடுகிறது, ஹீரோ பதிப்பு ஜெட்எஃப்எஸ்ஸில். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற டிஸ்க்குகளை அழித்துத்தான் தொடங்க வேண்டும். நீங்களே லினக்ஸில் கட்டுவதென்றால் பிடிஆர்எஃப்எஸ்ஸின் சொந்த ரெய்டு 5, 6 பக்கம் போகாதீர்கள். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் தரவும் பாரிட்டியும் பொருந்தாமல் போகும் குறை அதில் இருக்கிறது.

ஒற்றை டிஸ்க்கில் செக்சம் பிழையைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் திருத்த முடியாது. திருத்த இன்னொரு நல்ல பிரதியோ பாரிட்டியோ வேண்டும்.

யாரும் திறக்காத கோப்பின் செக்சத்தையும் யாராவது சரிபார்க்க வேண்டுமே, அதற்குத்தான் எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப். மாதம் ஒருமுறை தானாக ஓடும்படி அட்டவணை போடுங்கள். டிஸ்க் தன்னைத்தானே பரிசோதிக்கும் ஸ்மார்ட் நீண்ட சோதனையை வேறொரு வாரத்தில் வையுங்கள், இரண்டும் மோதினால் இரண்டுமே இழுக்கும். முடிவு மின்னஞ்சலில் வர வேண்டும். சோதனை மின்னஞ்சல் ஒன்றை அனுப்பி, அது உங்கள் கைக்கு வந்து சேர்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

கெடுப்பது எது?

டிஸ்க்கை மட்டும் சந்தேகிப்பது தவறு. ரேமில் ஒரு பிட் புரண்டு, அதன்பின் செக்சம் கணக்கிடப்பட்டால், கெட்ட தரவுக்கே சரியான செக்சம் கிடைத்துவிடும். பிழையைத் தானே திருத்தும் இசிசி ரேமை ஏற்கும் சாதனமானால் அதையே போடுங்கள். டிடிஆர்5 சிப்புக்குள் இருக்கும் பிழைதிருத்தம் இதற்கு ஈடல்ல. சிப்பிலிருந்து பிராசஸர் வரையிலான வழியை அது காப்பதில்லை. எந்த ரேமாக இருந்தாலும், போட்டதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமைக் கழற்றிவிட வேண்டும்.

ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்களின் மூல மதிப்பைப் பாருங்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகள். அது ஏறிக்கொண்டே போனால் மாற்று டிஸ்க்கைத் தயார் செய்யுங்கள். தரவுப் பரிமாற்றப் பிழைகளை எண்ணும் 199 ஏறினால் பெரும்பாலும் குற்றவாளி சாட்டா கேபிளோ இணைப்போதான். கேபிளை மாற்றிவிட்டு அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்: அது ஒருபோதும் குறையாது, மேலே ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது.

டிஸ்க் வாங்கும்போது, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் எழுதும் சிஎம்ஆர் வகைதானா என்று மாடல் எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படும்படி எழுதும் எஸ்எம்ஆர் என்பது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. ரெய்டை மீண்டும் கட்டும்போது எஸ்எம்ஆர் டிஸ்க் திணறி, நல்ல டிஸ்க்கே பழுதானதாக வெளியேற்றப்படலாம். சாதாரண கணினி டிஸ்க்கிலும் இதே ஆபத்து உண்டு. படிக்க முடியாத செக்டாரோடு அது நிமிடக்கணக்கில் மல்லுக்கட்டும், லினக்ஸ் இயல்பாகக் காத்திருப்பதோ 30 நொடிதான். நாஸ் டிஸ்க்குகள் ஏறக்குறைய 7 நொடியில் விட்டுக்கொடுத்துவிடும்.

யூபிஎஸ் வைத்தால் மட்டும் போதாது, யூஎஸ்பி கேபிளால் நாஸோடு இணைத்து, தானாக அணையும் அமைப்பையும் இயக்குங்கள். பிறகு யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி, நாஸ் ஒழுங்காக அணைகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதே இல்லை: ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை நெட்வொர்க் ஷேரில் வைப்பது. எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பை இரண்டு கணினிகள் ஷேர் வழியாகத் திறந்தால், பூட்டு சரியாக வேலை செய்யாமல் டேட்டாபேஸ் சிதையலாம். அதைக் கணினியிலேயே வைத்து, மூடிய பிறகு நாஸுக்கு நகலெடுங்கள்.

பேக்கப்பும் தனிப் பட்டியலும்

கோப்புகளின் ஒரு கண நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டின் உள்ளே இருப்பதும் அதே பிளாக்தான். நீங்கள் அழித்த கோப்பை அது மீட்கும், அழுகிய பிளாக்கை மீட்காது. சிங்க் செய்வதும் பேக்கப் ஆகாது, கெட்டதை அப்படியே பரப்பும். பழைய பதிப்புகளைக் குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்கும் பேக்கப் வேண்டும், அதில் ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

மாறாத கோப்புகளுக்கு, அதாவது படங்கள், ஸ்கேன் செய்த ஆவணங்களுக்கு, ஷா-256 (ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு செக்சம்) பட்டியல் ஒன்றைத் தயாரித்து வேறு இடத்தில் வையுங்கள். ஃபைல் சிஸ்டமே தவறு செய்தால் அதுதான் சாட்சி. 2023 நவம்பரில் வெளிப்பட்ட, ஜெட்எஃப்எஸ்ஸின் திறந்த மூல வடிவமான ஓப்பன்ஜெட்எஃப்எஸ்ஸின் பிழையில், நகலெடுத்த கோப்பின் சில பகுதிகள் பூஜ்ஜியங்களாயின; ஸ்க்ரப்பில் எதுவும் தென்படவில்லை. 2.2.2, 2.1.14 பதிப்புகளில் அது சரிசெய்யப்பட்டது. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி இயல்பாகக் கோப்பின் அளவையும் தேதியையும் மட்டுமே ஒப்பிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதன் செக்சம் விருப்பத்தை மாற்றம் எழுதாத ஒத்திகை முறையோடு சேர்த்து ஓட்டினால், எந்தக் கோப்பு வேறுபடுகிறது என்ற பட்டியல் மட்டும் வரும்.

பிழை வந்துவிட்டால்

முதலில் எழுதுவதை நிறுத்துங்கள், தானியங்கிப் பேக்கப் உட்பட. படிக்க முடிகிறவற்றை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பாதிக்கப்பட்ட கோப்புகளின் பெயர்கள் லாக்கில் இருக்கும். அவற்றை மட்டும் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்து, ஷா-256 பட்டியலோடு ஒப்பிட்ட பிறகு திரும்ப வையுங்கள். பல டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் பிழை ஏறினால் ரேம், கேபிள், மின் அடாப்டர் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் டிஸ்க்கைத் தொட வேண்டும்.

டிஸ்க்கை மாற்றும்போது சீரியல் எண்ணைப் படித்துப் பார்த்துக் கழற்றுங்கள். ஒரு டிஸ்க் ஏற்கெனவே விழுந்த நிலையில் நல்ல டிஸ்க்கைத் தவறாக உருவுவதுதான் ரெய்டு 5 மொத்தமாகப் போகும் எளிய வழி. ஸ்லாட் காலியாக இருந்தால், நோயுற்ற டிஸ்க்கைக் கழற்றாமலேயே புதியதைச் செருகி மாற்றச் சொல்லுங்கள். பழையதில் படிக்க முடிகிற பகுதிகளும் உதவும். பிடிஆர்எஃப்எஸ்ஸின் ரிப்பேர் கட்டளையை உடனே ஓட்டாதீர்கள், அனுபவமுள்ளவர் சொன்னாலன்றி ஓட்ட வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. நாஸ் டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் செருகியதும் ஃபார்மட் செய்யவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லி டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.