விட்ட சிகரெட்டைத் திரும்பத் தொட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகரெட்டை ஒரேயொரு முறை முயன்று, அதோடு நிரந்தரமாக விட்டவர்கள் எங்கும் குறைவு. பெரும்பாலானவர்களுக்குப் பல முயற்சிகள் தேவைப்படுகின்றன. அதனால் ஒருவர் திரும்பப் பத்திவிட்டார் என்பது எனக்குப் பெரிய கவலை இல்லை. பத்திய பிறகு வருகிற இரண்டு மூன்று நாட்களில் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கவலை. ஒரு சிகரெட் ஒரு பெட்டியாக மாறுவது அந்த நாட்களில்தான்.

அப்போது மனசு சொல்வது, "எல்லாம் போச்சு, இனி என்ன." இதை நம்புவதுதான் மிகப் பெரிய தவறு. குளக்கட்டில் கசிவு கண்டவர் அடுத்த காலபோகம் வரட்டும் என்று இருப்பாரா? அன்றைக்கே மண்மூட்டை போகும். சிகரெட் விஷயத்தில் மட்டும் நாங்கள் நாள் பார்க்கிறோம். திங்கட்கிழமை, தைப்பொங்கல், அடுத்த பிறந்தநாள் என்று தள்ளிப்போடுகிறோம். அந்த இடைவெளியில் "விடத்தானே போறன்" என்று வழமையை விடக் கூடுதலாகவே பத்துகிறோம். புது நாள் எதுவும் தேவையில்லை. அடுத்த சிகரெட்டைப் பத்தாமல் விட்டால் அதுதான் தொடக்கம். மிச்சம் இருக்கிறவற்றை உடனே கசக்கி எறியுங்கள். "காசு கொடுத்து வாங்கினது" என்று வைத்திருந்தால் அது இரவுக்குள் முடிந்துவிடும்.

வன்னியில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. வற்றாப்பளை அம்மாளுக்கோ மடு மாதாவுக்கோ நேர்த்தி வைத்து விட்டவர்கள் பலர். நேர்த்தி நல்ல பலம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தவறிய பிறகு, "வாக்கை முறிச்சிட்டன், இனி எந்த முகத்தோட கோயிலுக்குப் போறது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கோயிலுக்கும் போவதில்லை, சிகரெட்டையும் விடுவதில்லை. நேர்த்தி வைத்தது சிகரெட்டை விடுவதற்கு. ஒரு நாள் தவறினாலும் அந்த நோக்கம் அப்படியேதான் இருக்கிறது. போய்க் கும்பிட்டுவிட்டு அதே வாக்கைத் தொடரலாம்.

ஐயப்பனுக்கு மாலை போடுபவர்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 41 நாள் ஒரு சிகரெட்டும் தொடாமல் இருந்துவிட்டு, மாலை கழற்றியதும் சந்திக் கடைக்குப் போகிறார்கள். பிறகு "என்னால ஏலாது" என்கிறார்கள். நிக்கோட்டின் இல்லாததால் வருகிற எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் அடங்கிவிடும். 41 நாள் தாண்டியவர் கடினமான பகுதியைத் தாண்டியவர். அவருக்கு இல்லாமல் போனது 42ஆம் நாளுக்கான திட்டம். மாலை கழற்றுகிற அன்று யாரோடு இருப்பேன், என்ன செய்வேன் என்று முன்கூட்டியே யோசித்திருந்தால் கதை வேறு.

இரண்டாவது பெரிய தவறு, எங்கே எப்படித் தவறியது என்று பார்க்காமல் "மனத்தைரியம் போதாது" என்று தன்னையே ஏசிக்கொள்வது. ஏச்சால் எதுவும் தெரியவராது. அந்த ஒரு சிகரெட் எந்த நேரத்தில், யார் நீட்டியது, அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு கடதாசியில் எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் விடை அனேகமாகச் சில இடங்களுக்குள் அடங்கும். யானைக்குக் காவலிருக்கிற கொட்டிலில் நித்திரை வராமலிருக்க, அரிவி வெட்டு முடிந்து எல்லோரும் இளைப்பாறும்போது, செத்தவீட்டில் இரவு முழிப்பில், கடையில் பிளேன்டீயோடு. எல்லாவற்றையும் விட முக்கியமானது தவறணை. குடித்தால் "ஒண்டுதானே, பத்து மச்சான்" என்ற குரலுக்கு மறுப்புச் சொல்கிற நிதானம் போய்விடும். முதல் சில கிழமைகள் குடியையும் சேர்த்துத் தள்ளி வையுங்கள். காவலுக்குப் போகிறவர் வறுத்த கச்சான் கொண்டு போகலாம், கோதுடைக்கக் கைக்கும் வேலை வேண்டும். ஆசை வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். அந்த நிமிடங்களுக்குத்தான் ஏற்பாடு தேவை.

கடைகளில் ஒற்றையாக வாங்க முடிவதும் எங்களுக்கு ஒரு பொறி. பெட்டியில் 80 வீதத்துக்குப் படத்தோடு எச்சரிக்கை இருக்கிறது, ஒற்றையாக வாங்குபவரின் கண்ணில் அது படுவதேயில்லை. கடைக்காரரிடம் "எனக்குத் தரவேண்டாம் அண்ணை" என்று சொல்லி வைப்பதில் வெட்கம் இல்லை.

அப்புறம், "முழுக்க விட ஏலாது, ஒரு நாளைக்கு ஒன்று இரண்டோடு நிற்பம்" என்ற சமரசம். இதயம் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. ஒரு நாளைக்கு 20 புகைப்பவருக்குக் கூடுகிற இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி, ஒன்று மட்டும் புகைப்பவருக்கும் கூடுகிறது. பீடிக்கு மாறுவதும் தீர்வில்லை. வெற்றிலையோடு புகையிலை போடுவது அதைவிட மோசமான ஏமாற்று. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதை மறக்கக் கூடாது.

வீட்டில் மறைப்பதும் ஆட்களைத் தோற்கடிக்கிறது. மறைத்தால் உதவி கேட்க முடியாது, வேலிக்குப் பின்னால் நின்று பத்துவது மட்டும் பழக்கமாகும். மனுசியிடம் நேரே சொல்லுங்கள்: "நேற்று ஒண்டு பத்திட்டன், இண்டைக்கு இல்லை." வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். "எனக்குத் தெரியும், உங்களால ஏலாதெண்டு" என்ற ஒரு வசனம் போதும், அடுத்த முறை அவர் உண்மை சொல்ல மாட்டார்.

சிலருக்குச் சிகரெட்டை விட்டதும் பழைய நினைவுகள் மேலே வருகின்றன. 2009ஐக் கடந்து வந்த மண்ணில் அது வியப்பில்லை. நித்திரையே இல்லை, கனவில் திடுக்கிட்டு எழும்புகிறேன், வாழ்க்கை வெறுத்துப்போகிறது என்றால் அதைப் புகைத்தலின் கணக்கில் மட்டும் போட்டுவிட வேண்டாம். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அந்தப் பாரத்தோடு தனியாகச் சிகரெட்டை விடச் சொல்வது நியாயமில்லை.

சிகரெட்டை விடுவதற்கு மருந்து பாவிப்பவர்கள் ஒரு சிகரெட் பத்தியதும் நிக்கோட்டின் சூயிங்கத்தையோ தோலில் ஒட்டும் பட்டையையோ நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தத் தேவையில்லை, தொடருங்கள். சூயிங்கத்தைச் சாதாரண சூயிங்கம் போலச் சப்பித் தள்ளவும் கூடாது. மெதுவாகக் கடித்து, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். கோப்பி, சோடா, பழச்சாறு குடித்தால் 15 நிமிடமாவது கழித்துத்தான் அதை வாயில் போட வேண்டும், இல்லையென்றால் நிக்கோட்டின் வாயில் சரியாக உறிஞ்சப்படாது.

தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கு எடுத்து ஆலோசனை கேட்கலாம். வைத்தியரிடம் போனால் "விட்டிட்டன் டொக்டர்" என்று மழுப்பாமல், எத்தனை பத்துகிறீர்கள், காலையில் எழும்பி எவ்வளவு நேரத்தில் முதலாவது என்று சரியாகச் சொல்லுங்கள். எழும்பி அரை மணிக்குள் என்றால் நிக்கோட்டினில் தங்கியிருப்பது கூட என்று அர்த்தம், 2 மில்லிகிராம் சூயிங்கத்துக்குப் பதில் 4 மில்லிகிராம் தேவைப்படலாம்.