பிடரி மயிர் வளரும் மாதங்களில் கை சும்மா இருக்கட்டும்

"அடுத்த ஆடிக்குள் பிடரி தொங்கணும். என்ன எண்ணெய் தடவலாம்?"

கல்யாண ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருந்த குதிரையை வாங்கி, ஆடியில் கூடும் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் நாலு பேர் பார்க்க நிறுத்த ஆசைப்படும் வேலூர்ப் பக்கத்து நண்பர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அப்படி ஒரு எண்ணெய் கிடையாது. பிடரி மயிர் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ. வளரும். ஒட்ட வெட்டிய பிடரி ஒரு பக்கம் சாயவே ஆறு மாதம் ஆகும். கழுத்தை மூடித் தொங்குவதற்கு ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ பிடிக்கும். வளர்த்தியை அவசரப்படுத்த நம்மால் ஆகாது. வளர்ந்ததை உடையாமல் காப்பாற்றலாம், அவ்வளவுதான். அதைக் கெடுப்பதும் பெரும்பாலும் நம் கைதான்.

மூன்றாவது, நான்காவது மாதத்தில் பிடரி துடைப்பம் மாதிரி விறைத்து நிற்கும். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பார்க்கவே பொறுக்காமல் கத்தரிக்கோலை எடுப்பது அப்போதுதான். நுனியைச் சமமாக்கினால் அழகாகிவிடும் என்று தோன்றும். ஆனால் மயிர் தன் எடையால்தான் கீழே சாய்கிறது. வெட்ட வெட்ட இன்னும் விறைக்கும். தினமும் காலையில் ஈரப் பிரஷால் விழ வேண்டிய பக்கம் வாரிவிடுங்கள், போதும். ஆங்கிலேயப் பாணிப் போட்டிகளில் பிடரி வலப்பக்கம் விழுவது மரபு. மார்வாரி, காத்தியவாரி என்ற நம் நாட்டு இனக் குதிரைகளுக்கு நீளமாக, இயல்பாக விழுவதே அழகு. பந்தயத்தில் ஓடிய குதிரையின் பிடரியைப் பிடுங்கிப் பிடுங்கிக் குட்டையாக்கி வைத்திருப்பார்கள். அதில் புது மயிர் நடுநடுவே கட்டை கட்டையாக எழும்பும். அதற்கு இன்னும் பொறுமை வேண்டும்.

அடுத்தது பின்னல். தேசிங்கு ராஜன் கதை கேட்டு வளர்ந்த பக்கம் இது. அந்தக் கதையில் வரும் ஒரு குதிரைக்கு நீலவேணி என்று பெயர். வேணி என்றால் பின்னிய கூந்தல். அந்தப் பெயரின் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே மோகம். என் முதல் குதிரைக்குப் பிடரி ஒரு சாண் வளர்ந்ததும் வேரோடு சேர்த்து இறுக்கப் பின்னி, நாடாவும் கட்டினேன். மூன்றாம் நாள் அது வேப்பமரத்தில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது. தோளுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு மயிரே இல்லை. குதிரை மேயத் தலையைத் தாழ்த்தும்போது கழுத்து நீள்கிறது. தோள்பக்கத்துப் பின்னல்கள்தான் அப்போது அதிகம் இழுபடும். அந்த வலியை எத்தனை நேரம் பொறுத்ததோ என்று நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

இப்போது வேரிலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் பின்னத் தொடங்குகிறேன். தோள்பக்கம் இன்னும் தளர்த்தி. பத்து நாளைக்கு மேல் எந்தப் பின்னலையும் விட்டுவைப்பதில்லை. அவிழ்த்து, விரலால் கோதி, மறுபடி போடுகிறேன். ஈர மயிரைப் பின்னவே கூடாது. நம் புழுக்கத்தில் உள்ளே காயாமல் நாறும், பூஞ்சை பிடிக்கும்.

பின்னாமலே குதிரை கழுத்தைத் தேய்த்தால், அதைக் கெட்ட பழக்கம் என்று நினைத்து அதட்டாதீர்கள். அரிப்பு இருக்கிறது என்று பொருள். கொசுவை விடச் சின்னதான ஒரு கடி ஈ உண்டு. ஈரச் சேற்றில் பெருகும், விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் கடிக்கும். அதன் எச்சில் சில குதிரைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் பிடரியும் வால் அடியும் தோல் தடித்துப் போகும் அளவுக்கு அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்கரை ஓரம் கட்டியிருந்தால் இதை எதிர்பாருங்கள். அந்த ஈக்கு எதிர்க்காற்றில் பறக்கத் தெம்பு கிடையாது. பொழுது சாயும் முன்பே லாயத்துக்குள் கட்டி மின்விசிறி போட்டால் கடி நன்றாகக் குறையும். பேன், படை இருக்கிறதா என்று மயிரைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். பேனுக்கு மண்ணெண்ணெய் தடவும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தோல் வெந்துபோகும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாரம் தவறாமல் ஷாம்பு போடுவதும் தவறு. மயிர் வறண்டு நுனி உடையும். தேங்காய் எண்ணெயை ஊற ஊற விட்டால் சித்திரை வெயிலில் எழும் செம்மண் புழுதி முழுக்க அதில்தான் ஒட்டும். அப்புறம் அதைக் கழுவ மறுபடி ஷாம்பு. நுனிக்கு நாலு சொட்டு போதும். சிக்கை விரலால் பிரித்துவிட்டு, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வாருங்கள். வேரிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்த சீப்பில் எத்தனை மயிர் வருகிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். அதில் ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் வளர்ந்தது.

கழுத்தில் நைலான் கயிறு கிடந்தால் அது உரசும் இடத்தில் மயிர் நிற்காது. காதுக்குப் பின்னால் கடிவாளத்தின் தலைவார் உட்காரச் சிரைக்கும் இடமும் இரண்டு விரல் அகலம் தாண்ட வேண்டாம்.

தீவனத்தில் கொள்ளும் பசும்புல்லும் குதிரைக்கென்று செய்த தாது உப்பும் இருந்தால் சரி. மயிருக்குப் புரதமும் துத்தநாகமும் தாமிரமும் வேண்டும் என்பது உண்மைதான். அதற்காகச் சத்துப் பொடியை இரண்டு மடங்காகப் போடாதீர்கள். அதில் இருக்கும் செலீனியம் என்ற தாது மிஞ்சினால் பிடரியும் வாலும் கொட்டும், குளம்பும் வெடிக்கும். மாட்டுக்கோ கோழிக்கோ செய்த தீவனக் கலவை வேண்டவே வேண்டாம். சிலவற்றில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து கொஞ்சமே போனாலும் குதிரையின் இதயத்தைப் பாதித்து உயிரையே எடுத்துவிடும்.

சந்தைக்கு முந்தின இரவு பின்னலை அவிழ்த்தால் பிடரி அலை அலையாக நிற்கும். நேராக விழ வேண்டுமென்றால் மூன்று நாள் முன்பே அவிழ்த்து, அலசி, நிழலில் காய விடுங்கள்.