பண்டிகைக்கால இணைய கிதார் கச்சேரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் ஐந்தாறு கிளாசிக்கல் கிதார் கலைஞர்களை ஒரே இணையக் கச்சேரியில் கூட்ட முனைகிறவர்கள், கலைஞர்களின் சம்மதம் கிடைத்துவிட்டால் வேலை பெரும்பாலும் முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. நைலான் தந்திகளை விரல் நகத்தால் மீட்டி எழுப்பும் இந்த ஒலி மிக மென்மையானது. எழுந்த கணத்திலேயே தேயவும் தொடங்கிவிடுவது. பேச்சைக் கடத்துவதற்காக உருவான இணையக் கருவிகள் இத்தகைய ஒலியைச் சரியாகக் கையாளுவதில்லை. அமைப்பாளர்களின் தவறுகளில் பல, இதை மறப்பதால் நேர்பவை.

வெவ்வேறு ஊர்களில் இருக்கும் கலைஞர்கள் காணொளி அழைப்பு வழியாக நேரலையில் சேர்ந்து வாசித்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஆகவே மூன்று மீட்டர் இடைவெளியில் அமர்ந்திருக்கும் இருவருக்கிடையே ஏறத்தாழ 9 மில்லிவிநாடித் தாமதமே உண்டாகிறது, அது யாருக்கும் இடைஞ்சலாக இருப்பதில்லை. தாமதம் 25, 30 மில்லிவிநாடியைத் தாண்டும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க, மற்றவர் இவருக்காகக் காத்திருக்க, காலப்பிரமாணம் மெல்ல மெல்ல இழுபடும். சாதாரணக் காணொளி அழைப்பில் இந்தத் தாமதம் 100 மில்லிவிநாடியைக் கடப்பது மிக இயல்பு. வில்லால் இழுக்கப்படும் வயலினில் சுரம் சற்றே மெதுவாக எழுவதால் சிறு பிசகு மறைந்துவிடக்கூடும். மீட்டியவுடன் கூர்மையாகத் தொடங்கும் கிதார் சுரத்தில் அப்படி மறைக்க இடமே இல்லை. எனவே தனி வாசிப்புகளை நேரலையாக வைத்துக்கொண்டு, கூட்டு வாசிப்பை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்து இணைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

அந்த முன்பதிவிலும் தவறுகள் காத்திருக்கின்றன. எல்லோரையும் மெட்ரோனோமின் (சீரான இடைவெளியில் தட்டித் தாளம் காட்டும் கருவி) தட்டொலிக்கு வாசிக்கச் சொன்னால் சுரங்கள் பொருந்தும்; ஆனால் மெதுவான கரோல் பாடலில் ஒவ்வொரு அடியின் முடிவிலும் இசை சற்றே நின்று மூச்சு வாங்க வேண்டிய இடங்கள் செத்துப்போகும். குழுவில் லயப்பிடிப்பு மிக்க ஒருவர் முதலில் தம் பகுதியை இயல்பான நெகிழ்வோடு பதிவு செய்து தர, மற்றவர்கள் அதைக் கேட்டபடி வாசிப்பதே மேல். அந்த வழிகாட்டிப் பதிவின் தொடக்கத்தில், எல்லோரும் ஒன்றாகத் தொடங்குவதற்காக, ஒரு சுற்றுத் தாள எண்ணிக்கை இருக்க வேண்டும். கேட்பவர்கள் ஒலிபெருக்கியை அல்லாமல் காதை மூடும் ஹெட்போனைப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் வழிகாட்டியின் ஒலி எல்லோருடைய மைக்கிலும் கசிந்து, இறுதிக் கலவையில் நீக்கவே முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். பதிவின் மாதிரி வீதத்தையும் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளந்து பதிவாகிறது என்பதை) முன்பே ஒன்றாக்கிவிட வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவான கோப்பை 48 கிலோஹெர்ட்ஸ் என்று கொண்டு ஓடவிட்டால் வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடுவதோடு, சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுர அளவு ஏறிவிடும்.

சுருதியைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். எல்லோரும் ‘A’ சுரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்துத்தான் சுருதி சேர்ப்பார்கள் என்று எழுதப்படாத ஒப்பந்தம் இருப்பதாக நினைக்கக் கூடாது. பழைய பாணிக் கருவிகளை வாசிப்பவர்கள் சற்றுத் தாழ்ந்த சுருதியை விரும்புவது உண்டு. புதிய நைலான் தந்தி நிலைபெறச் சில நாட்கள் ஆகும் என்பதால், பதிவுக்கு முந்தின இரவு தந்தி மாற்றுவது வீண் துன்பம். குளிர்காலத்தில் வெப்பமூட்டிய அறைகளில் காற்று வறண்டுபோவதால் மரப்பலகை சுருங்கி, சுருதி நழுவுவதோடு விரிசலும் விழக்கூடும். கிதாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதமே ஏற்றது என்று பொதுவாகப் பரிந்துரைக்கிறார்கள்.

நேரலைத் தனி வாசிப்பில் அதிகம் கெடுப்பவை, செயலிகள் தாமாகவே செய்யும் ‘உதவிகள்’. இரைச்சல் நீக்கி, மனிதக் குரல் அல்லாத தொடர் ஒலியை இரைச்சலாகக் கருதுவதால், தேய்ந்துகொண்டிருக்கும் இறுதிக் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) பாதியிலேயே வெட்டிவிடுகிறது. தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு, மெல்லிய பகுதியை உயர்த்தியும் வலுவான பகுதியைத் தாழ்த்தியும் கலைஞர் பல வருடம் பழகிய ஏற்ற இறக்கத்தைச் சமதளமாக்குகிறது. ஜூம் போன்ற செயலிகளில் இசைக்கலைஞர்களுக்கென அசல் ஒலி அமைப்பு உண்டு. அதை இயக்கியபின் எதிரொலி நீக்கியும் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைப்பது இன்னொரு வழக்கமான தவறு. அங்கிருந்து வரும் அடித்தொனி குமுறலாகிச் சுரங்களின் தெளிவை மூடிவிடும். கழுத்தும் உடலும் சேரும் பன்னிரண்டாம் பட்டையை (ஃப்ரெட்டை) நோக்கி, அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை தள்ளி வைத்தால் ஒலி சமநிலையாக இருக்கும். ஒரு கலைஞரிடமிருந்து அடுத்தவருக்கு மாறும்போது ஒலியளவு திடீரென எகிறாமலிருக்க, முன்தினமே எல்லோருடைய அளவையும் ஒருவரே ஹெட்போனில் கேட்டு ஒப்பிட வேண்டும்.

நிகழ்ச்சி நிரலில் நேரும் தவறு எளிதானது: ஆளுக்கொரு விருப்பமாக விட்டுவிட்டால், மூன்று பேர் அதே கரோலை அதே மெதுவான நடையில் தேர்வார்கள். 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் ‘ஸ்டில்ல நாஹ்ட்’ (ஆங்கிலத்தில் ‘சைலன்ட் நைட்’) முதன்முதலில் ஒலித்தபோது அதற்குத் துணை நின்றது கிதார் என்பதால், இந்தப் பாடல் கிதார் கச்சேரியில் இடம்பெறுவது மிகப் பொருத்தமே. ஆனால் ஒருமுறை போதும். ஆறாம் தந்தியின் (மிகத் தாழ்ந்த தந்தியின்) சுருதியைத் தாழ்த்தி வாசிக்க வேண்டிய உருப்படிகள் ஒருவருடைய பகுதியில் அடுத்தடுத்து வருமாறு அமைத்தால், நேரலையில் மறுபடி மறுபடி சுருதி சேர்க்கும் அமைதியைத் தவிர்க்கலாம்.

உரிமை விஷயத்தில், பாடல் பழையது என்பதற்காக எல்லாம் இலவசம் என்று எண்ணக் கூடாது. இசையமைப்பாளர் மறைந்து 70 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை நீடிக்கும் நாடுகளில், 1944-இல் இறந்த அகுஸ்தின் பாரியோஸின் படைப்புகள் விடுபட்டுவிட்டன. 1999-இல் இறந்த ரோட்ரிகோவின் படைப்புகள் விடுபடவில்லை. மூலப்பாடல் பொதுச்சொத்தாக இருந்தாலும், அண்மையில் ஒருவர் கிதாருக்கு அமைத்த வடிவம் அவருடைய உரிமையே. யூடியூபின் தானியங்கி அடையாள முறை ஒருவரின் சொந்த வாசிப்பையே வேறொருவரின் பதிவு என்று தவறாக எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே ஒவ்வோர் உருப்படிக்கும் இசையமைப்பாளர், அமைப்பாக்கம் செய்தவர், பயன்படுத்திய பதிப்பு ஆகியவற்றை முன்பே எழுதி வைத்திருந்தால், ஆட்சேபம் வந்தால் உடனே பதிலளிக்கலாம். நிகழ்ச்சிக்குப் பிறகு காணொளி எத்தனை நாள் இணையத்தில் இருக்கும் என்பதையும் கலைஞர்களிடம் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ள வேண்டும். நேரலைக்கு ஒப்புக்கொண்டவர்கள் நிரந்தரப் பதிவுக்கும் ஒப்புக்கொண்டதாக ஆகாது.

தொடங்கும் நேரத்தை அறிவிக்கும்போது உள்ளூர் நேரத்தோடு உலகப் பொது நேரத்தையும் சேர்த்துக் குறிப்பிடுவது நல்லது. டிசம்பரில் தென்கோளத்தின் சில நாடுகள், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் கோடைக்கால நேரத்தில் இருப்பதால் ஒரு மணி நேரம் பிசகிவிடும்.