ஆறு பேனாவில் ஒரு பினாங்கு ஓடு

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் நூற்று நாற்பது வண்ணப் பேனாக்கள் கிடக்கின்றன. போன வாரம் ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு காய்ந்துவிட்டன. உயிரோடு இருப்பவற்றிலும் நான் அடிக்கடி கையில் எடுப்பவை பத்தைத் தாண்டாது. “இத்தனையையும் வைத்துக்கொண்டு எந்தப் பரீட்சைக்குப் போகிறாய்?” என்று அத்தை கேட்கும்போது என்னிடம் பதில் இருப்பதில்லை.

புதிதாக இந்தப் பித்துப் பிடித்தவர்கள் என்னைப் போல இழுப்பறையை நிரப்பிவிட்டுப் பிறகு கற்றுக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஆறு பேனாக்கள், ஒரு நல்ல தாள், ஒரு சனிக்கிழமை பிற்பகல் போதும். வரையப்போவது பினாங்கின் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் முகப்பில் இருக்கும் பூப்போட்ட ஓடு. அங்கே லெபோ பாசார் தெருவில் சூடாக வடை வாங்கிக்கொண்டு பழைய தெருக்களின் ஐந்தடி நடைபாதைகளில் மெல்ல நடந்தால், சன்னலுக்குக் கீழே இடுப்புயரத்தில் அவை வரிசையாகப் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். இளஞ்சிவப்பு ரோஜா, பச்சை இலை, சந்தன நிறப் பின்னணி. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்தில் முதலில் இங்கிலாந்திலிருந்தும் பிறகு ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தவை. இன்று நம் கையில் இருக்கும் நல்ல பேனாக்களில் பாதியும் அதே ஜப்பானிலிருந்துதான் வருகின்றன.

ஓட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதில் கோடு மேடாகவும் நிறம் பள்ளத்திலும் இருக்கும். பளபளப்புப் பூச்சு பள்ளத்தில் தேங்கி அங்கே அடர்ந்தும், மேட்டில் மெலிந்து வெளிறியும் தெரியும். மார்க்கரில் நிழல் போடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

முதலில், என்னென்ன வாங்க வேண்டும்

கறுப்பு மைக்கோட்டுப் பேனா ஒன்று. நான் பயன்படுத்துவது சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரோன். அதில் 05 என்று எழுதியிருந்தால் கோட்டின் தடிமன் 0.45 மில்லிமீட்டர், 01 என்றால் 0.25. தொடங்குகிறவர்களுக்கு 05 போதும். மெல்லிய முனையை அழுத்திப் பிடித்தால் அது உள்ளே போய்விடும், பிறகு வராது.

இரட்டை முனைத் தூரிகைப் பேனாக்கள் நான்கு: வெளிர் சிவப்பு, அடர் சிவப்பு, இளம்பச்சை, கரும்பச்சை. நீர் கலந்த மை உள்ளதாகப் பாருங்கள். டோம்போ நிறுவனத்தின் இரட்டைத் தூரிகைப் பேனா இதற்குப் பேர் பெற்றது. பெரும்பாலான கடைகளில் தனித்தனியாகவும் கிடைக்கும். முப்பது நிறப் பெட்டி பக்கத்திலேயே அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

வெள்ளை ஜெல் பேனா ஒன்று. ஆயிற்று, ஆறு.

இனி தாள். பணத்தை எங்கே செலவழிப்பது என்று என்னைக் கேட்டால் பேனாவைவிடத் தாளுக்குத்தான் என்பேன். நகல் எடுக்கும் சாதாரணத் தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம். ஏ4 அளவில் ஒரு தாளின் எடை ஏறக்குறைய 5 கிராம். அதில் மார்க்கரை இருமுறை இழுத்தால் மை பின்பக்கம் போய்விடும். மூன்றாம் முறை இழுத்தால் தாளே நூல்நூலாக உரிந்து வரும். 200 கிராம் அல்லது அதற்கு மேல் எடையுள்ள, தொட்டால் வழவழப்பான வரைதாளைக் கேளுங்கள். நீர்வண்ணத் தாள் கனமாக இருந்தாலும் சொரசொரப்பு மிகுந்தது. தூரிகை முனையை அரம்போல் தேய்த்து இரண்டே வாரத்தில் மொட்டையாக்கிவிடும். என் அனுபவத்தில் காய்ந்து போன பேனாக்களைவிட இப்படித் தேய்ந்து போனவற்றைப் பார்க்கும்போதுதான் வயிறு எரியும்.

பென்சில், அளவுகோல், காம்பஸ், அழிப்பான் ஆகியவை வீட்டிலேயே இருக்கும். ஃபேபர்-காஸ்டல் அழிப்பான் நம் மலேசியாவிலேயே தயாராகிறது, உறையைத் திருப்பிப் பாருங்கள்.

வரைவதற்கு முன் ஒரு சோதனை

இந்தப் படியைத் தாண்டிப் போகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பள்ளி நாள்களில் வாங்கிய ஏதோ ஒரு கறுப்புப் பேனாவால் இரண்டு மணிநேரம் கோடு போட்டுவிட்டு, மேலே வெளிர் சிவப்பைத் தடவினேன். ரோஜா முழுவதும் சாம்பல் பூசிக்கொண்டது.

மையில் இரண்டு வகை உண்டு. சாய மை தண்ணீரில் கரைந்திருக்கும், தாளின் நாருக்குள் இறங்கும், பளிச்சென்று இருக்கும், நனைந்தால் ஓடும். நிறமி மையில் நிறம் நுண்ணிய துகள்களாக மிதக்கும். காய்ந்ததும் தாளின் மேலேயே படிந்து நின்றுவிடும். தண்ணீர் பட்டாலும் அசையாது. நம் கோட்டுப் பேனா நிறமி மையாக இருக்க வேண்டும். நான்கு வண்ணப் பேனாக்களும் சாய மையாக இருப்பது நமக்கு வசதி, ஏனென்றால் அவை ஓடுவதைத்தான் பின்னால் பயன்படுத்தப் போகிறோம்.

எனவே வரையப்போகும் அதே தாளில் ஒரு துண்டைக் கிழித்து, ஒவ்வொரு பேனாவாலும் இரண்டு அங்குலக் கோடு இழுத்துப் பெயரையும் எண்ணையும் எழுதி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஈர விரலால் கோட்டின் பாதியைத் தேயுங்கள். கறுப்பு அசையாமல் இருந்தால் நல்லது. நிறங்கள் எப்படிக் கரைகின்றன என்றும் கவனியுங்கள். மூடியில் தெரியும் நிறமும் தாளில் விழும் நிறமும் ஒன்றல்ல என்பது அப்போது தெரியும். இந்தத் துண்டை எறிய வேண்டாம்.

ஓட்டை வரைவது

பென்சிலை அழுத்தாமல் 12 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று போடுங்கள். மூலைக்கு மூலை இரண்டு கோடுகள், பக்கங்களின் நடுவே இரண்டு கோடுகள். சதுரம் எட்டாகப் பிரிந்துவிடும். மையத்தில் காம்பஸை ஊன்றி 3 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம், அதற்குள் 1 சென்டிமீட்டரில் ஒரு சிறு வட்டம். பிறகு நான்கு மூலைகளிலும் ஊன்றி, 2.5 சென்டிமீட்டரில் கால் வட்டம்.

கோடுகள் பிரித்த எட்டுப் பகுதிகளிலும் ஓர் இதழ் வீதம் வரைந்தால் நடுவில் எட்டிதழ்ப் பூ. மூலைக் கோடுகளின் மேல், பூவுக்கும் கால் வட்டத்துக்கும் இடையே, ஓர் இலை. பக்கங்களின் நடுவே ஒரு மொட்டு. மூலைக் கால் வட்டத்துக்குள் இரண்டு இதழ்கள். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இதில் விளக்கவே ஒன்றுமில்லை. பழகாதவர்கள் கால் பகுதியை மட்டும் மெல்லிய மெழுகுத்தாளில் வரைந்து, திருப்பித் திருப்பிப் படியெடுத்துக்கொள்ளலாம். இதழ்கள் ஒன்றுபோல இல்லையே என்று அழித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்போது கறுப்புப் பேனா. அதைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, கோட்டைத் தள்ளாமல் உங்களை நோக்கி இழுங்கள். வளைவு வந்தால் கையை முறுக்குவதற்குப் பதில் தாளைத் திருப்புங்கள். முடிந்ததும் எழுந்து போய்த் தேநீர் போடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மை காய நேரமாகும். மழை நாளாக இருந்தால் நான் அரை மணிநேரம் தொடுவதே இல்லை. அதன் பிறகு பென்சில் கோடுகளை முழுவதும் அழித்துவிடுங்கள். மார்க்கர் மை மேலே பட்டுவிட்டால் அடியில் இருக்கும் பென்சில் எளிதில் அழியாது.

நிறம்

மார்க்கரின் வயிற்றுக்குள் இருப்பது மை நிறைந்த குழாயல்ல, மையில் ஊறிய நார்க்கட்டு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல முனை அதிலிருந்து மையை இழுக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் பென்டெல் நிறுவனம் நார்முனைப் பேனாவைக் கொண்டுவந்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை. இதைத் தெரிந்துகொண்டால் ஒன்று புரியும்: பேனாவை ஓரிடத்தில் நிறுத்தினால் திரி இழுத்துக்கொண்டே இருக்கும், அங்கே மை குளம் கட்டும். அழுத்துவதால் நிறம் கூடாது, நின்றால்தான் கூடும். ஆகவே கை நகர்ந்துகொண்டே இருக்கட்டும்.

ஓர் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிர் சிவப்பால் முழுவதையும் நிரப்புங்கள். முன்பு இழுத்த கோடு காய்வதற்குள் அடுத்த கோட்டை அதை ஒட்டி இழுத்தால் இடையில் வரி தெரியாது. இதழ் முழுவதும் இன்னும் ஈரமாக இருக்கும்போதே அடர் சிவப்பை எடுத்து, இதழின் அடிப்பகுதியிலும் கறுப்புக் கோட்டின் ஓரத்திலும் மட்டும் மெல்லிய விளிம்பு போடுங்கள். பளபளப்புப் பூச்சு தேங்கிய பள்ளம் அதுதான். உடனே மறுபடியும் வெளிர் சிவப்பால், விளிம்பிலிருந்து இதழின் நடுவை நோக்கி, இரண்டு மூன்று முறை இழுத்துவிடுங்கள். அடர்நிறம் கரைந்து தானாக மங்கி வரும்.

இப்படிச் செய்ததும் வெளிர் பேனாவின் முனை கறுத்துச் சிவந்து போய்விடும். பதற வேண்டாம். வேண்டாத தாளில் பழைய நிறம் வரும்வரை கிறுக்கினால் சுத்தமாகிவிடும். வெளிறியதில் தொடங்கி அடர்ந்ததை நோக்கிப் போக வேண்டும் என்ற வழக்கத்துக்குக் காரணம் இதுதான்: தவறாக வெளிறி விழுந்ததை அடர்த்தியாக்கலாம், அடர்ந்து விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

ஒரே இதழை மூன்று முறைக்கு மேல் தேய்க்காதீர்கள். நீர் மை தாளின் மேற்பரப்பை ஊறவைத்துவிடும், நல்ல தாளும் பொறுக்காது. மனம் நிறையவில்லை என்றால் அடுத்த இதழுக்குப் போங்கள். முதல் இதழைவிட ஐந்தாவது நன்றாகவே வரும். எட்டாவதை முடித்ததும் முதலாவதைத் திருத்தக் கை துடிக்கும். விட்டுவிடுங்கள்.

இலைகளுக்கும் இதே முறைதான். நடு நரம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் கரும்பச்சை போட்டால் இலை மடிந்திருப்பது போலத் தெரியும். பின்னணியைத் தாளின் நிறத்திலேயே விட்டுவிடலாம்.

எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளை ஜெல் பேனா. ஓடு பளபளப்பது இந்தக் கடைசி இரண்டு நிமிடத்தில்தான். ஒளி இடப்பக்கம் மேலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இதழிலும் அந்தப் பக்கத்தில் ஒரு சிறு கோடும் ஒரு புள்ளியும். அவ்வளவே, அதிகமானால் அம்மை போட்டது போலாகிவிடும். அடியிலிருக்கும் சாயம் கரைந்து வெள்ளை இளஞ்சிவப்பாக மாறினால், காயவிட்டு மேலே இன்னொரு முறை தொடுங்கள்.

ஆல்கஹால் மார்க்கர் வேண்டாமா?

கண்டிப்பாகக் கேட்பீர்கள். 1987 முதல் வரும் கோப்பிக் போன்றவற்றில் மை தண்ணீருக்குப் பதிலாக ஆல்கஹாலில் கரைந்திருக்கும். சட்டென்று காயும், தாளை உரிக்காது, நிறங்கள் வெண்ணெய் போலக் கலக்கும். பி29 போன்ற குறியீட்டில் எழுத்து நிறக் குடும்பத்தையும், கடைசி எண் அடர்த்தியையும் சொல்லும். எண் கூடக் கூட அடர்த்தி கூடும். மையை நிரப்பலாம், முனையை மாற்றலாம். ஆண்டுக்கணக்கில் வரைகிறவருக்கு விலை ஒரு பொருட்டல்ல. ஆனால் முதல் மாதத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அது பெரும்பாலான தாள்களைத் துளைத்துக்கொண்டு அடியில் போகும். அடியில் அட்டை வைக்க மறந்ததால் அத்தையின் வெள்ளை மேசைவிரிப்பில் இன்றும் நீலமாக ஒரு மயில் கழுத்து இருக்கிறது. வாங்கினால் சன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

பாதுகாப்பது

இரட்டை முனைப் பேனாக்களைப் படுக்கவைத்தே வையுங்கள். நிற்கவைத்தால் மை ஒரு முனைக்கு இறங்கி மற்றது வறண்டுவிடும். ஜெல் பேனாவை மட்டும் முனை கீழே இருக்கும்படி நிறுத்தலாம். மூடியை ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். என் ஐம்பத்திரண்டில் பாதிக்குக் காரணம் அந்தச் சத்தத்துக்குக் காத்திராததுதான். முடித்த படத்தை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். சாய மை வெளிச்சத்தில் வெளுக்கும். என் முதல் ரோஜா சன்னலோரத்தில் ஆறு மாதத்தில் சந்தன நிறமாகிவிட்டது.

நேரம் இருந்தால் இதே ஓட்டை நான்கு முறை வரைந்து, வெட்டி, மேசையில் இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்து வையுங்கள். நான்கு மூலைக் கால் வட்டங்களும் நடுவில் கூடி ஒரு முழுப் பூவாகிவிடும். சுவரில் பதிக்கும் ஓடுகளில் மூலையில் கால் பூ இருப்பது இதற்காகத்தான். நான் செய்து வைத்தபோது அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்தார். நான் பாடுபட்ட எட்டிதழ்ப் பூக்கள் எதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. நடுவில் சேர்ந்திருந்ததில் விரலை வைத்து, “இதை எந்தப் பேனாவில் போட்டாய்?” என்று கேட்டார்.