ஜோலா நாவல்களின் மணங்களில் வாசகர் சறுக்கும் இடங்கள்

பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஜோலா என்றாலே சாக்கடை நாற்றம் என்று ஒதுக்கிவிடுவது பழைய பழக்கம். அவர் காலத்து விமர்சகர்கள் சிலரே மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள்தான். ஆனால் 1875-இல் வந்த ‘அபே மூரேயின் பிழை’ நாவலில் அல்பீன் என்ற பெண் அறை முழுக்கப் பூக்களைக் கொட்டி, இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு படுக்கிறாள். அவளைக் கொல்வது நறுமணம். பூ வாசத்தால் ஆள் சாவார்களா என்று அங்கே மருத்துவ வாதம் செய்வது இன்னொரு வீண் வேலை.

பெரிய தவறு, மணம் வரும் பக்கங்களை வெறும் வருணனை என்று புரட்டிவிடுவது. ‘பாரிஸின் வயிறு’ (1873) நாவலில், லே ஆல் சந்தையின் பாலாடைக்கட்டிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் கட்டிகள் இளகிக் கிடக்கின்றன. கமாம்பேர் வகைக் கட்டியில் வேட்டை இறைச்சி வாடை. சிவந்த லிவரோ வகைக் கட்டி கந்தகப் புகைபோலத் தொண்டையைப் பிடிக்கிறது. அங்கே நின்று மூன்று பெண்கள் புறம் பேசுகிறார்கள். கதைநாயகன் ஃப்ளோரான் கயேன் தீவாந்தர சிறையிலிருந்து தப்பி வந்தவன் என்ற ரகசியம் அவர்களில் ஒருத்தியான சாஜே கிழவியின் வாயிலிருந்து அங்கேதான் வெளியே வருகிறது. பேச்சு முற்ற முற்ற வீச்சமும் ஏறுகிறது; கடைசியில் நாறுவது கட்டிகளா, அவர்களின் சொற்களா என்றே தெரிவதில்லை. ஒரு மனிதனைக் காட்டிக்கொடுக்கும் வேலை நடக்கும் பக்கங்கள் அவை. அவற்றைத் தாண்டிப் போனால் கதையின் திருப்பமே கைநழுவிவிடும்.

இப்படி எழுதியவருக்கு அபூர்வ மோப்பம் இருந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மருத்துவர் எதுவார் துலூஸ் ஜோலாவைச் சோதித்து 1896-இல் நூலே வெளியிட்டார். மூக்கின் கூர்மையில் விசேஷம் ஒன்றுமில்லை. மணங்களை நினைவில் வைத்துப் பிரித்தறிவதில்தான் அவர் கெட்டிக்காரர்.

பழைய ஆங்கிலப் பதிப்பை நம்புவதும் ஆபத்து. ஜோலாவை ஆங்கிலத்தில் வெளியிட்டதற்காகப் பதிப்பாளர் ஹென்றி விசெடெல்லி 1889-இல் சிறைக்கே போனார். அதன்பின் வந்த பதிப்புகளில் கத்தரி தாராளமாக விளையாடியிருக்கிறது.

தமிழில் தர முனைபவர்கள் செய்யும் பிழை வேறு: எல்லாவற்றுக்கும் ‘வாசனை’ என்று போட்டுவிடுவது. நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? லிவரோவுக்கு நெடி, அல்பீனின் அறைக்கு மணம், மீன் கூடத்துக்குக் கவிச்சி. ஃப்ளோரான் அந்தக் கூடத்தில்தான் கண்காணிப்பாளனாக வேலை பார்க்கிறான். அங்கே போய் ‘மீன் வாசனை’ என்று எழுதினால் அவனுக்கு ஏன் குமட்டுகிறது என்று வாசகர் விழிப்பார்.