ஒரே வளவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே இணைய இணைப்பு

மகளுக்குக் கலியாணமானால் அதே வளவில் இன்னொரு வீடு எழும்புவது எங்கள் ஊர்களில் வழக்கம். கிணறும் படலையும் பொது. இணையத்துக்கு மட்டும் ஏன் இரண்டு கட்டணம்? புதுக்குடியிருப்பில் எங்கள் வளவின் முன்வீட்டில் சிம் போட்ட ரவுட்டர் இருக்கிறது. பின்வீட்டில் தங்கையின் பிள்ளைகள் படிப்பது அதே இணைப்பில்தான்.

இதற்கு ரிப்பீட்டர் வாங்காதீர்கள். தகரத்தையும் சீமெந்துக் கல் சுவரையும் தாண்டி நலிந்து வரும் சிக்னலை வாங்கி, அதையேதான் அது திரும்பக் கொடுக்கும். கேபிள் இழுப்பதே நல்லது. 100 மீற்றர் வரை கேட்-6 கேபிள் தாராளமாக வேலை செய்யும். அசல் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் விரைவில் முறியும். வெளியே போகும் பகுதியை பிவிசி குழாய்க்குள் விடுங்கள். வெயிலும் அணிலும் வெறும் கேபிளை விட்டுவைப்பதில்லை.

முனையில் தலை (ஆர்ஜே-45 என்ற செருகி) பூட்டுவதற்குத்தான் பொறுமை வேண்டும். மேலுறையை இரண்டு விரல் அளவு உரித்து, முறுக்கிய எட்டுக் கம்பிகளையும் நீவி நேராக்குங்கள். இடமிருந்து வலமாக வரிசை இது: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். பெருவிரலால் இறுக்கிப் பிடித்தபடி நுனிகளைச் சமமாக வெட்டி, தலையின் கொக்கி கீழே பார்க்க உள்ளே தள்ளுங்கள். எட்டு நுனிகளும் முன்சுவரில் முட்டுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேலுறையும் தலைக்குள் சிறிது புகுந்திருக்க வேண்டும். அதன்பிறகே தலை நசுக்கும் குறட்டால் (கிரிம்பர்) நசுக்குங்கள். மறுமுனையிலும் இதே வரிசைதான்.

பின்வீட்டுக்குப் பழைய ரவுட்டர் ஒன்று போதும். முதலில் அதைத் தனியாகக் கணினியில் பொருத்தி, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறவுங்கள். முன்வீட்டு ரவுட்டரின் முகவரி 192.168.8.1 என்றால் இதற்கு 192.168.8.2 கொடுக்கலாம், முதல் ரவுட்டர் பங்கிடும் எண்களுக்குள் அது விழக்கூடாது. அடுத்து இதில் டிஎச்சிபியை, அதாவது கருவிகளுக்கு முகவரி பங்கிடும் வேலையை, நிறுத்துங்கள். இதை மறந்தால் இரண்டு ரவுட்டர்களும் போட்டிபோட்டு முகவரி கொடுக்கும். சில கருவிகளுக்கு இணையம் வரும், சிலவற்றுக்கு வராது. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முன்வீட்டில் உள்ளவையாகவே இருக்கட்டும், அலைவரிசை (சேனல்) மட்டும் ஒன்றில் 1, மற்றதில் 11. இனிக் கேபிளைச் செருகலாம். இரண்டு பக்கமும் லான் துளையில்தான் செருக வேண்டும், வான் துளையில் அல்ல.

முன்வீட்டு ரவுட்டரைக் கைபேசிக் கோபுரம் இருக்கும் திசை ஜன்னலோரம் வையுங்கள். அலுமாரிக்குள் அழகாக இருக்கும், சிக்னல் இருக்காது.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி தொடங்கும். வானம் கறுக்கும்போதே இரண்டு முனைகளிலும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், மின்சாரச் செருகியையும் சேர்த்து. வீட்டுக்கு வீடு ஓடும் செம்புக் கம்பி வழியாக மின்னல் இரண்டு ரவுட்டர்களையும் கணினியையும் ஒரே அடியில் கருக்கிவிடும். மின்னத் தொடங்கிய பிறகு அதைத் தொடவே வேண்டாம், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

டேட்டா அளவோடு வரும் சிம் என்றால், விண்டோஸ் கணினி ஒவ்வொன்றிலும் அந்த வைஃபையை அளவிடப்படும் இணைப்பாகக் குறித்துவிடுங்கள். பெரிய புதுப்பிப்புகள் கேட்காமல் இறங்குவது பெரும்பாலும் நின்றுவிடும்.